அகப்பெருக்கமும் புறப்பெருக்கமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்க இலக்கியம் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். கணிதம் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று மறுமொழி எழுதினேன். "மதிய உணவுக்கு முன்பா, பின்பா அம்மா?" என்று மட்டும் கேட்டார். பின்பு என்று அவரே முடிவு செய்துவிட்டதால், உறங்குவோர் உறங்கலாம். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு கடன் காரணம். ஏழாண்டுகளுக்கு முன்பு முதலாமாண்டு மாணவர்க்கு அகத்திணை, புறத்திணைப் பாகுபாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். கணிதம் படிக்க வந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "அம்மா, எங்கள் கணிதத்தில் அகப்பெருக்கம் என்று ஒன்றும் புறப்பெருக்கம் என்று ஒன்றும் உண்டாம். அதுவும் இந்த அகம், புறம்தானா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அது வேறு, இது வேறு, உட்காருங்கள்" என்றேன். அவர் உட்கார்ந்தார். அந்த ஆண்டு முழுவதும் மறுபடி எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வீட்டு நிலை காரணமாகக் கல்லூரியை விட்டு ஓசூரில் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவர் படிப்பு நின்றதற்கு என் சொல் காரணமன்று. ஆனால் அவர் கேட்ட கேள்வி நின்றதற்கு என் சொல்லே காரணம். விடை தெரியாமலேயே விடை சொன்னேன் என்பது பின்னர்தான் உறைத்தது. கணிதத்துறைத் தோழி ஒருவரிடம் இரண்டு கோடை விடுமுறைகள் மாணவியாக அமர்ந்து நான் கற்றதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் வீட்டு நிலத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊருக்கு அருகில் ஓடும் தொட்டல்லா ஆற்றை அறிவீர்கள். கன்னடத்தில் 'தொட்ட ஹள்ள' என்றால் பெரிய ஓடை. அதன்மேல் நாம் 'ஆறு' என்பதையும் சேர்த்துப் 'பெரிய ஓடை ஆறு' என்றே நாள்தோறும் வழங்கி வருகிறோம். அவ்வாற்றங்கரை அருகே என் தந்தையார்க்கு ஒரு சிறு கேழ்வரகுக் கொல்லை இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் பிறந்தது. ஆதலால் பழைய பட்டாவில் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். நான் உயர்நிலைப் பள்ளியில் படித்த நாளில் ஒரு மழைக்காலத்து வெள்ளம் அக்கொல்லையின் மூலைக்கல் ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. பக்கத்து நிலத்துக்காரர் ஓரிடத்தில் கல் நட்டார். தந்தையார் அது பழைய இடமன்று என்றார். அளந்து பார்த்தால் பரப்பு, பட்டாவில் கண்ட சென்ட் கணக்கோடு சரியாகவே இருந்தது. "பரப்புதான் குறையவில்லையே, பிறகென்ன வழக்கு?" என்று ஊரார் கேட்டனர். தந்தையார்க்கு விளக்கத் தெரியவில்லை. "பரப்பு அதேதான், கல்தான் அதன்று" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது முற்றிலும் சரியான கணிதம் என்பதை அறிய எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

நிலம் அளப்போர் பழைய முறையில் என்ன செய்வர்? இரண்டு உறுதியான கற்களுக்கிடையே சங்கிலியை நேராக இடுவர். மூன்றாம் கல்லைக் குறிக்க இரண்டு அளவுகள் எடுப்பர்: சங்கிலியின் வழியே எவ்வளவு தொலைவு, சங்கிலியிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தொலைவு. சங்கிலி 10 மீட்டர் என்க. கல், சங்கிலி வழியே 6 மீட்டரும், இடப்பக்கம் 4 மீட்டரும் தள்ளி நிற்கிறது என்க. முதற்கல்லிலிருந்து சங்கிலியின் மறுமுனைக்கு ஓர் அம்பு, முதற்கல்லிலிருந்து மூன்றாம் கல்லுக்கு ஓர் அம்பு என்று வரைந்துகொள்வோம். நீளமும் திசையும் உடைய இத்தகைய அம்பைப் பள்ளி நூல்கள் வெக்டர் என்னும். நான் திசையன் என்பேன்.

இவ்விரு திசையன்களைப் பெருக்குவது எப்படி? ஒரு வழி, ஒன்று மற்றொன்றின்மேல் எவ்வளவு சாய்ந்து கிடக்கிறது என்று பார்ப்பது. 10ஐ 6ஆல் பெருக்க 60 கிடைக்கும். இது அகப்பெருக்கம். இது வெறும் எண், இதற்குத் திசையில்லை. இரண்டும் செங்குத்தாக நின்றால் அகப்பெருக்கம் சுழியாகிவிடும். இன்னொரு வழி, இரண்டும் விலகி எவ்வளவு பரப்பை விரிக்கின்றன என்று பார்ப்பது. 10ஐ 4ஆல் பெருக்க 40 சதுர மீட்டர். இது புறப்பெருக்கம். இது வெறும் எண்ணன்று. ஒரு தளத்தில் கிடக்கும் பரப்பு. அதற்குச் சுழற்சியும் உண்டு. கல் சங்கிலியின் இடப்பக்கம் நின்றால் இடஞ்சுழி. வலப்பக்கம் நின்றால் வலஞ்சுழி. இரண்டும் ஒரே கோட்டில் கிடந்தால் விரிவதற்குப் பரப்பே இல்லை, புறப்பெருக்கம் சுழியாகும். ஆகவே எந்தத் திசையனும் தன்னோடு தான் புறப்பெருக்கம் கொண்டால் ஒன்றுமில்லாமல் போகும்.

இப்போது தந்தையாரின் வழக்குக்கு வருவோம். பரப்பு 40 என்று மட்டும் தெரிந்தால் கல் எங்கே? சங்கிலிக்கு இணையாக 4 மீட்டர் தள்ளி ஒரு கோடு வரைந்தால், அக்கோட்டின்மேல் எங்கு வேண்டுமானாலும் கல்லை நடலாம், பரப்பு மாறாது. பக்கத்து நிலத்துக்காரர் கல்லை நகர்த்தியது அத்தகைய கோட்டின்மேல்தான். அகப்பெருக்கம் 60 என்று மட்டும் தெரிந்தாலோ, சங்கிலிக்குச் செங்குத்தான கோட்டில் கல் எங்கும் நிற்கலாம். ஒன்றை மட்டும் வைத்துக் கல்லை மீட்க முடியாது. இரண்டையும் சேர்த்து வைத்தால், இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும். கல் அங்கேதான்.

இவ்விரண்டையும் சேர்த்து ஒரே பெருக்கமாக வைப்பதே வடிவியல் பெருக்கம். அறுபது என்னும் எண்ணும் நாற்பது என்னும் பரப்பும் கலக்காமல் ஒன்றாக நிற்கும். "எண்ணையும் பரப்பையும் எப்படிக் கூட்டுவது?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். என் தோழி விளக்கிச் சலித்த பிறகு எனக்கு உதவியது உம்மைத்தொகை. இரவுபகல் என்கிறோம்; இரவும் பகலும் கலந்து மூன்றாவது ஒன்றாகிவிடுவதில்லை. இடையில் ஓர் உம்மை மறைந்து நிற்கிறது. அங்குள்ள கூட்டற்குறி, எண்களைக் கூட்டும் குறியன்று; அஃது உம்மை. அப்படி நிறுத்திய தொகையைச் சங்கிலியின் திசையனால் வகுத்தால் 6ம் 4ம் திரும்பக் கிடைக்கின்றன, கல் கிடைக்கிறது. அகத்தை மட்டும் வைத்தும் வகுக்க இயலாது, புறத்தை மட்டும் வைத்தும் இயலாது. வடிவியல் இயற்கணிதத்தின் தனிச்சிறப்பு இதுவென்றே நான் கருதுகிறேன்: அதில் திசையனால் வகுக்கலாம்.

வரிசையும் இங்கு முக்கியம். மூவைந்தும் ஐம்மூன்றும் ஒன்றே. ஆனால் மலைத்தேனும் தேன்மலையும் ஒன்றல்ல. நிலைமொழி எது, வருமொழி எது என்று பாராமல் நம்மால் புணர்ச்சி விதி சொல்ல இயலாது. (அவ்விதிகளைச் சுருங்கச் சொன்ன நன்னூலைப் பவணந்தி முனிவரிடம் வேண்டிப் பெற்ற சீயகங்கன், நம் எல்லைக்கு அப்பாலுள்ள கோலாரோடு தொடர்புடைய கங்கர் மரபினன் என்பதை இவ்வூரார் மறக்கலாகாது.) திசையன்களை வரிசை மாற்றிப் பெருக்கினால் அகப்பகுதி மாறாது, புறப்பகுதியின் சுழற்சி மாறிவிடும். ஆகையால் இரு வரிசையிலும் பெருக்கிக் கூட்டிப் பாதியாக்கினால் அகம் தனியே வரும். கழித்துப் பாதியாக்கினால் புறம் தனியே வரும். ஒரே பெருக்கத்துள் இரண்டும் உறைந்திருக்கின்றன.

இனி அம்மாணவரின் கேள்விக்கு வருகிறேன். தொல்காப்பியர் அகத்தையும் புறத்தையும் தனித்தனித் தீவுகளாக வைக்கவில்லை. வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறன் என்றார். வஞ்சியை முல்லைக்கும், உழிஞையை மருதத்துக்கும், தும்பையை நெய்தலுக்கும், வாகையைப் பாலைக்கும் புறன் என்றார். ஒவ்வொரு புறத்திணையும் தன் அகத்திணையோடு கட்டுண்டே நிற்கிறது. நீளம் மாறாத இரு திசையன்களை எடுத்துக்கொண்டால், அகப்பெருக்கம் குறையக் குறையப் புறப்பெருக்கம் வளரும். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் தொகை எப்போதும் ஒன்றே. இதைப் படித்த அன்று நான் வகுப்பில் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஆயினும் தொல்காப்பியர் இக்கணிதத்தை அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வோர் மேடைகள் நம் நாட்டில் போதுமான அளவு உள்ளன. அச்சொற்கள் மேலைமொழிச் சொற்களின் மொழிபெயர்ப்பாகவே நமக்கு வந்தவை. ஆனால் "அது வேறு, இது வேறு" என்ற என் விடையும் சரியன்று. இணைத்தே பிரிக்கும் பழக்கம் நம் இலக்கணத்துக்குப் புதிதன்று என்று சொல்லியிருக்க வேண்டும்.

புறப்பெருக்கத்தைக் கண்டவர் யார் என்று தேடியபோது எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அவர் ஓர் இலக்கணக்காரர். எர்மான் கிராஸ்மன் என்பது பெயர், 1809இல் பிறந்தவர். அன்று பிரஷ்யாவிலும் இன்று போலந்திலும் உள்ள ஸ்டெட்டின் நகரத்தில் பள்ளி ஆசிரியர். நீளமும் அகலமும் பெருகிச் செவ்வகம் ஆகிறது என்று அவர் தந்தையார், அவரும் ஆசிரியரே, ஒரு பாடநூலில் எழுதியிருந்த கருத்தைப் பற்றிக்கொண்டு, சாய்ந்த பக்கங்களுக்கும் அதை விரித்தார். 1844இல் 'விரிவுக் கோட்பாடு' என்ற நூலாக வெளியிட்டார். தத்துவ நடையில் எழுதப்பட்ட அந்நூலைப் படிப்பாரில்லை. பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் வேண்டி 1847இல் அவர் அரசுக்கு எழுதினார். அரசு கும்மர் என்ற பெருங்கணிதரின் கருத்தைக் கேட்டது. பொருள் நன்று, ஆனால் சொல்லும் முறை குறையுடையது என்ற கருத்தில் அவர் அறிக்கை தந்தார். இடம் கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் கிராஸ்மன் பள்ளி ஆசிரியராகவே இருந்தார். 1862இல் நூலைத் திருத்தி எழுதி மறுபடி வெளியிட்டார். அதற்கும் அதே கதி. 1864இல் முதல் நூலின் ஏறத்தாழ 600 படிகளைப் பதிப்பகத்தார் பழைய தாளாகக் கழித்துவிட்டனர். தம் கவிதை நூற்படிகளைப் பரணில் வைத்திருக்கும் கவிஞர்கள் சற்று ஆறுதல் கொள்ளலாம்.

கணிதம் தம்மைக் கைவிட்டதாக எண்ணிய அவர் மொழிக்குத் திரும்பினார். 1863இல் அவர் கண்ட விதி இன்றும் ஒப்பியல் மொழிநூலில் கிராஸ்மன் விதி என வழங்குகிறது. சமஸ்கிருதத்திலும் கிரேக்கத்திலும் அடுத்தடுத்த அசைகளில் இரண்டு மூச்சொலி மெய்கள் வர நேர்ந்தால், முன்னது தன் மூச்சை இழந்துவிடும் என்பது அவ்விதி. ரிக்வேதத்துக்கு அவர் தொகுத்த சொல்லகராதி 1873 முதல் 1875 வரை வெளிவந்தது. அதை இன்றும் அறிஞர்கள் புரட்டுகிறார்கள். 1876இல் டூபிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது; கணிதத்துக்காக அன்று, மொழிப்பணிக்காக. ஒன்றே தன்னோடு கூடினால் கெடும் என்று கணிதத்தில் வகுத்தவரே, மூச்சொலி இரண்டு அடுத்து வந்தால் ஒன்று கெடும் என்று மொழியிலும் கண்டார் என எண்ணும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி. அது என் கற்பனை மகிழ்ச்சிதான். இரண்டுக்கும் தொடர்புண்டு என்று எந்த ஆய்வேட்டிலும் எழுத மாட்டேன்.

கிராஸ்மன் அகப்பெருக்கத்தையும் புறப்பெருக்கத்தையும் அறிந்திருந்தார். அயர்லாந்தின் ஆமில்டன் 1843இல் கண்ட குவாட்டர்னியன் என்ற நால்வகை எண்களுக்குத் தம் கோட்பாட்டில் இடம் எது என்று காட்ட, 1877இல் அவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பரில் மறைந்தார். இங்கிலாந்தின் கிளிஃபோர்டு என்ற இளைஞர் அடுத்த ஆண்டு, 1878இல், கிராஸ்மனின் இயற்கணிதத்தைப் பயன்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று வடிவியல் இயற்கணிதம் என்பதன் பிறப்பு அதுவே. குழந்தைகளுக்குக் கதை எழுதிய அவரும் 1879இல் தம் 33ஆம் வயதில் காசநோயால் இறந்தார். பரிந்து பேச இருவரும் இல்லாத இடத்தை, அமெரிக்காவின் கிப்ஸ் முதலானோர் எளிமையாக்கித் தந்த திசையன் கணிதம் நிரப்பியது. நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் குறுக்குப் பெருக்கல் அதுதான்.

குறுக்குப் பெருக்கல் பரப்பைப் பரப்பாகச் சொல்வதில்லை. பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் ஓர் அம்பைக் காட்டி, அதையே பரப்பின் பெயராக வழங்குகிறது. நம் இலக்கணத்தில் இதை ஆகுபெயர் என்போம். தாமரை என்று பூவைச் சொல்வதில் பிழையில்லை; கொடியும் தாமரை, பூவும் தாமரை என்பதை மறந்தால் பிழை. முப்பரிமாண வெளியில் எண் ஒன்று, அச்சுத் திசைகள் மூன்று, அச்சுத் தளங்கள் மூன்று, கன அளவு ஒன்று, ஆக எட்டு உறுப்புகள். திசையும் மூன்று தளமும் மூன்று ஆதலால் ஆகுபெயர் பொருந்துகிறது. நான்கு பரிமாணத்துக்குச் சென்றால் திசைகள் நான்கு, தளங்கள் ஆறு. ஆறு பேருக்கு நான்கு பெயரைச் சூட்ட முடியாது. புறப்பெருக்கமோ எத்தனை பரிமாணத்திலும் தடுமாறுவதில்லை.

புற இயற்கணிதத்துக்கும் வடிவியல் இயற்கணிதத்துக்கும் உள்ள உறவு என்ன என்பதே இவ்வுரையின் கேள்வி. மேலே சொன்ன எட்டு உறுப்புகளும் இரண்டுக்கும் பொது. வீடு ஒன்றே, அதனுள் நடக்கும் முறைதான் வேறு. புற இயற்கணிதத்தில் ஒரு திசையன் தன்னோடு பெருகினால் சுழி. வடிவியல் இயற்கணிதத்தில் தன்னோடு பெருகினால் தன் நீளத்தின் வர்க்கம். வேறுபாட்டின் வேர் இவ்வளவே. அதாவது, முன்னதில் அளவுகோல் இல்லை, பின்னதில் உண்டு. அளவுகோலைச் சுழியாக்கிவிட்டால் வடிவியல் இயற்கணிதம் புற இயற்கணிதமாகவே சுருங்கிவிடும். அளவுகோலைச் சேர்த்தால் புற இயற்கணிதத்தின் மேல் வடிவியல் இயற்கணிதம் எழும்.

எது முதன்மையானது என்று கணிதர்களிடையே ஒரு மெல்லிய பூசல் உண்டு. அமெரிக்க இயற்பியலர் டேவிட் எஸ்டனஸ் 1966இல் 'கால வெளி இயற்கணிதம்' என்ற நூலை எழுதிக் கிளிஃபோர்டின் பெருக்கத்துக்கு மறுவாழ்வு தந்தார். அவர் வழி வந்தோர், எல்லாவற்றையும் அதனால் சொல்லலாம் என்பர். மற்றொரு சாரார் பிரான்சின் எலி கார்த்தான் வளர்த்த வழியில் நின்று, அளவுகோல் இல்லாத இடத்திலும் புறப்பெருக்கம் செல்லும், ஆதலின் அதுவே அடிப்படை என்பர். என் மனம் இரண்டாமவர் பக்கம் சற்றுச் சாய்கிறது. ஓட்டைச் சங்கிலியால் அளந்தாலும், ஒரே வயலில் இப்பகுதி அப்பகுதியைப்போல் இருமடங்கு என்ற விகிதம் பொய்க்காது. அதற்குக் கோணமும் வேண்டாம், சரியான மீட்டரும் வேண்டாம். ஆனால் தொலைந்த கல்லைத் தேடும் நாளில் அந்தச் சாய்வு எனக்கு உதவாது. அன்று அளவுகோல் வேண்டும்.

இக்கதையில் நம் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. 1928இல் டிராக் என்ற ஆங்கில இயற்பியலர் எலெக்ட்ரானுக்குச் சமன்பாடு தேடியபோது, வரிசை மாறினால் குறி மாறும் நான்கு பொருள்கள் அவருக்குத் தேவைப்பட்டன. நான்கு நிரையும் நான்கு நிரலும் கொண்ட அணிகளாக அவற்றை அமைத்தார். கிளிஃபோர்டின் விதியே அங்கு வேறு உடையில் வந்து நின்றது. அரைநூற்றாண்டுக்கு முன் காகிதத்தில் கிடந்த இலக்கணம், எலெக்ட்ரானின் இலக்கணமாக இருந்தது. சென்னையில் தம் இல்லத்திலேயே இயற்பியல் கருத்தரங்கு நடத்தி, அதன் பயனாய் 1962இல் கணித அறிவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த அல்லாடி இராமகிருஷ்ணன், இவ்வணிகளை இரண்டிரண்டாகத் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்கிக்கொண்டு செல்லும் முறையை ஆராய்ந்தார். குறி மாறுவதற்குப் பதிலாக, ஒன்றின் மூன்றாம் மூலம், நான்காம் மூலம் முதலியன வந்து பெருகினால் என்ன ஆகும் என்னும் பொதுமை நிலைக்கும் அவரும் அவர் மாணவர்களும் சென்றனர். 1972இல் வெளிவந்த தம் நூலுக்கு அவர் இட்ட தலைப்பில் 'டிராக் அணிகளின் இலக்கணம்' என்ற தொடர் உண்டு. இலக்கணம் என்ற சொல்லை ஓர் இயற்பியலர் ஆண்டதைக் கண்டபோது, அந்நூலின் உள்ளே பெரும்பகுதி எனக்கு எட்டாதபோதும், தலைப்பை மட்டும் பலமுறை படித்தேன்.

ஓசூர் ஆலைகளில் பற்றவைக்கும் இயந்திரக் கைகளைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அத்தகைய கைகள் எத்திசையில் எவ்வளவு திரும்பவேண்டும் என்பதைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படுவது ஆமில்டனின் குவாட்டர்னியன். எண் ஒன்றும் தளங்கள் மூன்றும் சேர்ந்த நான்கே அது. வடிவியல் இயற்கணிதத்தின் எட்டு உறுப்புகளில் பாதி. ஒரு திசையனை அதன் முன்னும் பின்னும் நின்று பெருக்கினால் திசையன் சுழன்று திரும்புகிறது.

என் தந்தையார் இன்றில்லை. வழக்கு இருதரப்பும் களைத்து, பழைய புல வரைபடத்தில் சங்கிலி வழித் தொலைவையும் பக்கத் தொலைவையும் பார்த்துக் கல் நட்டதோடு தீர்ந்தது. கல் அவர் சொன்ன இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது, அதையும் ஏற்றுக்கொண்டார்.

அன்று கேள்வி கேட்ட மாணவர் இப்போது நம் வட்டத்தின் கவிஞர். இரவுப் பணி முடித்து, உறங்காமல் வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். தம்பி, விடை ஏழாண்டு தாமதமாக வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் எழுந்து நின்று கேளுங்கள், இம்முறை உட்காரச் சொல்ல மாட்டேன். எனக்கு அடுத்துக் கவிதை படிக்க இருப்பவரும் அவரே. அவர் நேரத்தில் பத்து நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டுவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார்.